லைட் எரியும், மிஷின் ஓடாது

2022 ஆவணியில் ஒரு விடியற்காலை. நாங்குநேரிப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பால் சொசைட்டி. டேங்கர் வண்டியோடு வந்தவர் வழக்கம்போல டெஸ்ட் டியூபில் கொஞ்சம் பால் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். கொதி வரும்போதே பால் திட்டுத்திட்டாகத் திரிந்து கண்ணாடியில் ஒட்டியது. டியூபைக் கழுவி இன்னொரு தடவை எடுத்துக் காட்டினார். அதுவும் அப்படித்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். ஹோஸைச் சுருட்டி வண்டியில் வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

நான் பாளையங்கோட்டையிலிருந்து பைக்கில் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு இருக்கும். 640 லிட்டர் பாலைக் கட்டடத்துக்குப் பின்னால் திறந்துவிட்டிருந்தார்கள். செம்மண்ணில் வெள்ளையாகத் தேங்கி, சுற்றிலும் புளித்த வாடை. காலைப் பால் ஊற்ற வந்த பெண்கள் தூக்குவாளியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு மாடு, இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவர்கள். முந்தின நாள் சாயங்காலம் அவர்கள் ஊற்றிய பால்தான் மண்ணில் கிடந்தது.

அந்தப் பால் குளிரூட்டும் தொட்டியைக் கண்காணிக்கிற கருவி நான் மாட்டியது. அது வேலை செய்யாமல் இல்லை. சென்சார் சரியாக அளந்தது. சிம் சரியாக அனுப்பியது. எங்கள் சர்வர் சரியாகப் பிடித்தது. ஒரு நிமிஷத்துக்குள் சொசைட்டியின் ராத்திரிக் காவலர் அண்ணாச்சியின் செல்போனுக்கு மெசேஜும் போய்விட்டது. இத்தனையும் நடந்து, பாலும் போனது. மெசேஜில் நான் எழுதாமல் விட்ட ஒரு வரியால் போனது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அன்றைக்குக் கரண்ட் முழுசாகப் போகவில்லை. கரண்ட் மூன்று லைனில் வரும், ஒவ்வொன்றும் ஒரு பேஸ். அந்த மூன்று பேஸில் ஒன்று மட்டும் போனது. கிராமத்தில் மோட்டார் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரிந்த தொல்லை. பாலைக் குளிரவைக்கிற கம்ப்ரசருக்கு மூன்று பேஸும் வேண்டும். ஒன்று இல்லாமல் ஓடினால் காயில் சூடேறிக் கருகிவிடும். அப்படி ஆகாமல் இருக்க ஒரு பிரிவென்டர் வைத்திருப்பார்கள்; ஒரு பேஸ் போன உடனே அது கம்ப்ரசரை நிறுத்திவிடும். நிறுத்தியது. ஆனால் அறையில் இருக்கிற டியூப் லைட் வேறொரு பேஸில் இருக்கிறது. அது எரிந்தது. பேன் சுற்றியது. பாலைக் கலக்கிவிடுகிற சின்ன மோட்டாரும் ஒற்றைப் பேஸில் ஓடுவதுதான். அதுவும் சுற்றிக்கொண்டே இருந்ததால் சத்தம்கூட முழுசாக அடங்கவில்லை. வெளியே கட்டிலில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு, உள்ளே எல்லாம் நடக்கிறது என்றுதான் தோன்றும்.

அண்ணாச்சிக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேசினார்.

“மெசேஜ் வந்துது தம்பி. வராம இல்ல. பாத்தேன். லைட்டு எரியுது, பேன் சுத்துது. கரண்டு இருக்குன்னுல்லா நெனச்சேன்.”

செல்போனை என்னிடம் கொடுத்தார். பட்டன் போன். ஆங்கில எழுத்தில் வந்திருந்ததை இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன்: “பிராப்ளம்: ஆர் பேஸ் லாஸ். ஹோஸ்ட்: என்ஜிஎன் பிஎம்சி 02. சிவியாரிட்டி: ஆவரேஜ். டைம்: 14:10.”

பேஸ் போனது சாயங்காலம் 7:40க்கு. மெசேஜில் 14:10 என்று இருந்தது. எங்கள் சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். எனக்கு அது பழக்கம். பார்த்த உடனே மனசுக்குள் கூட்டிக்கொள்வேன். அண்ணாச்சி எதற்குக் கூட்டிப் பார்க்கப் போகிறார்? மதியம் ரெண்டு பத்துக்கு ஏதோ ஆகி இப்போது சரியாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார். அதே மெசேஜ் சொசைட்டிச் செயலாளருக்கும் போயிருந்தது. அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். “ஆவரேஜ்னு போட்டிருக்கே சார். சுமாரான விஷயம்தான், காலைல பாத்துக்கிடலாம்னு விட்டுட்டேன்” என்றார்.

அந்த ஆவரேஜ் எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். நாங்கள் பயன்படுத்துவது ஸாபிக்ஸ் என்ற மென்பொருள். லாட்வியா நாட்டில் பிறந்தது, இலவசம், சர்வர்களைக் கண்காணிக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். நல்ல மென்பொருள், அதன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கோளாறின் தீவிரத்தை அது ஆறு படியாகப் பிரிக்கிறது. அதில் நடுவில் இருக்கிற ஒரு படிக்குப் பெயர் ஆவரேஜ். எச்சரிக்கைக்கு மேலே, அபாயத்துக்குக் கீழே. ஒரு அலுவலகத்தில் நாலு திரையை வைத்துப் பார்க்கிற ஆளுக்கு அது ஒரு நிறம், அவ்வளவுதான். அவர் அந்தச் சொல்லைப் படிப்பதே இல்லை. சொசைட்டிச் செயலாளர் அதைச் சொல்லாகப் படித்தார். சொல்லுக்கு என்ன அர்த்தமோ அப்படியே எடுத்துக்கொண்டார். அதில் அவர் தப்பு என்ன இருக்கிறது?

மென்பொருளோடு வருகிற டெம்ப்ளேட், அதாவது மெசேஜின் மாதிரி வாசகம், அதைச் செய்தவர்கள் தங்களைப் போன்றவர்களுக்காக எழுதியது. கோளாறு எப்போது தொடங்கியது, அதன் பெயர், எந்த இயந்திரம், எவ்வளவு தீவிரம், கோளாறின் வரிசை எண் என்ன என்று சொல்லும். இவை எல்லாம் விசாரணைக்கு வேண்டிய தகவல். என்ன செய்யவேண்டும் என்று அதில் ஒரு இடத்திலும் இல்லை. என்ன செய்யவேண்டும் என்பது படிக்கிறவருக்கே தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதியது அது.

சரி, தெரிந்தும் ஏன் மாற்றாமல் வைத்திருந்தேன்? அதற்கும் ஒரு காரணம் உண்டு. இந்தியாவில் நிறுவனங்கள் அனுப்புகிற எஸ்எம்எஸ் எல்லாவற்றுக்கும் டெம்ப்ளேட்டை முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018ல் கொண்டுவந்த விதி. அந்தப் பதிவு முறையை டிஎல்டி என்பார்கள். எந்தெந்த வார்த்தை மாறாமல் வரும், எந்த இடத்தில் மதிப்பு மாறி வரும் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கவேண்டும். பதிவு செய்ததற்கும் அனுப்புவதற்கும் ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் வழியிலேயே நின்றுவிடும். 2021 மார்ச் 8ஆம் தேதி இதை முதல்முறை கறாராக நடைமுறைப்படுத்தினார்கள். நாடு முழுக்க ஓடிபி வராமல் மக்கள் பேங்க் வேலை செய்ய முடியாமல் தவித்து, டிராய் ஒரு வாரத்துக்கு அதை நிறுத்தி வைத்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு எங்கள் அலர்ட்டுகளும் ஒன்றுகூடப் போகவில்லை. நாள் முழுக்க ஒவ்வொரு ஊருக்கும் போன் போட்டு “மிஷின் ஓடுதா அண்ணாச்சி” என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம் அடித்துப்பிடித்துக் கையில் இருந்த ஆங்கில வாசகத்தையே சுருக்கிப் பதிவு செய்தேன். அனுமதி கிடைத்தது, மெசேஜ் போனது. அதற்குப் பிறகு அதைத் தொடவே பயம். தொட்டால் நின்றுவிடுமோ என்று ஒன்றரை வருஷம் தொடாமலே வைத்திருந்தேன்.

அந்தப் பயத்துக்கு விலை 640 லிட்டர் பால். பால் ஊற்றியவர்களுக்கு அந்த ஒரு வேளைப் பணத்தை நாங்களும் சொசைட்டியுமாகச் சேர்ந்து கொடுத்தோம். ஆனால் தூக்குவாளியோடு நின்ற அந்தப் பெண்களின் முகம் பணத்தோடு தீருகிற விஷயமாக எனக்கு இல்லை.

அடுத்த வாரம் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு அண்ணாச்சியிடமே போனேன். சாயங்காலம் நாலு மணியிலிருந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் அவரோடு இருந்தேன். கேன் இறங்குவது, அளப்பது, வடிகட்டுவது, தொட்டியில் ஊற்றுவது, கழுவுவது எல்லாம் பார்த்தேன். ஒவ்வொரு பொருளையும் காட்டி, “இதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டேன். கம்ப்ரசர் அவருக்கு மிஷின். குளிரூட்டும் தொட்டி டேங்க். ஜெனரேட்டர் ஜெனரேட்டர்தான். வெப்பநிலை என்று நான் எழுதி வைத்திருந்தேன். அவர் “டிகிரி” என்றார். “டிகிரி எறங்கிட்டா”, “டிகிரி ஏறிட்டு”. மின்தடை என்ற சொல் என் நோட்டில் இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு, “இது பேப்பர்ல போடுததுல்லா” என்றார். அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டேன்.

நான் ஆவரேஜ் என்பதற்குப் பதில் ‘அவசரம்’ என்று போடலாமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “அவசரம்னா ஓடியாருவேன் தம்பி. ஓடியாந்து என்ன செய்யணும்? அதச் சொல்லும்லா.”

அந்த ஒரு வார்த்தையில் என் வேலை முழுக்கத் திரும்பிக்கொண்டது. அதுவரை கோளாறு என்ன என்று சொல்வதே அலர்ட் என்று நினைத்திருந்தேன். ராத்திரி தனியாக இருக்கிற ஒரு மனுஷன் கையில் ஒரு வேலையைக் கொடுக்கிறோம். அவர் எழுந்து உள்ளே போவார். போனதும் எதைப் பார்ப்பார்? லைட்டைத்தான் முதலில் பார்ப்பார். அது எரிந்துகொண்டிருந்தால் மெசேஜை நம்பமாட்டார், கண்ணைத்தான் நம்புவார். யாராக இருந்தாலும் அப்படித்தான். ஆகவே அவர் கண்ணுக்குத் தெரியப்போவதையும் மெசேஜே முந்திச் சொல்லிவிடவேண்டும். அப்படி வந்த வரிதான் இது:

“ஒரு பேஸ் இல்ல. லைட் எரியும், மிஷின் ஓடாது. ஜெனரேட்டர் போடுங்க. 7:40”

இதைத்தான் நான் எழுதாமல் விட்டிருந்தேன். அண்ணாச்சி வாய்விட்டு இரண்டு தடவை படித்தார். “இது சரி” என்றார்.

இந்த வரி இவ்வளவு சுருக்கமாக இருப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. எஸ்எம்எஸ் ஒன்றின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் 160 எழுத்து போடலாம். தமிழுக்கு ஒவ்வொன்றுக்கும் 16 பிட் வேண்டும், எனவே 70தான். அந்த 70ம் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. புள்ளி ஒரு கணக்கு, கொம்பு ஒரு கணக்கு, கால் ஒரு கணக்கு. ஜெனரேட்டர் என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. ஜெ, ன, ரே, ட், ட, ர். மெசேஜுக்கு அது பத்து. 70ஐத் தாண்டினால் இரண்டு துண்டாகப் பிரித்து அனுப்பும். அப்படிப் பிரித்தால் ஒவ்வொரு துண்டிலும் 67தான் கொள்ளும். செலவு இரட்டிப்பு என்பது ஒரு பக்கம். சிக்னல் ஒழுங்காக இல்லாத ஊரில் ஒரு துண்டு வந்து இன்னொன்று வராமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். ‘லைட் எரியும்’ வரைக்கும் வந்து மிச்சம் வராமல் போனால் பழைய கதைதான்.

மேலே இருக்கிற வரியை எண்ணிப் பார்த்தால் இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து 67 வரும். இந்த 67க்கு வர எனக்குப் பதினைந்து நாள் ஆனது. முதலில் ஊர்ப் பெயர் இருந்தது. அண்ணாச்சிக்கு எதற்கு ஊர்ப் பெயர்? அவர் அந்த ஊரில்தான் நிற்கிறார். எடுத்தாயிற்று. வணக்கம் இருந்தது. எடுத்தாயிற்று. ‘இல்லை’ என்பதில் ஐகாரத்தை விட்டு ‘இல்ல’ என்று போட்டேன். எழுத்துத் தமிழில் இப்படி எழுதுவதற்கு மனசு இடம் கொடுக்கவில்லைதான். ஆனால் ஒரு கணக்கு மிச்சம், கேட்கவும் ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. ‘போடவும்’ என்று முதலில் எழுதியிருந்தேன். ‘போடுங்க’ என்பதும் அதே நீளந்தான், மாற்றினேன். ‘போடவும்’ அரசாங்க நோட்டீஸில் ஒட்டியிருக்கும். ராத்திரியில் அறுபத்தைந்து வயது மனுஷனை எழுப்பி வேலை சொல்கிறோம், மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. நேரத்தை 19:40 என்று போட்டால் அவர் கழித்துப் பார்க்கவேண்டும். 7:40 என்றாலே போதும்.

சில போன்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தது. அப்படிப்பட்ட மூன்று ஊருக்கு மட்டும் குரல் அழைப்பு வைத்தோம். அதையும் கம்ப்யூட்டர் குரலில் வைக்காமல், எங்கள் ஆபீஸில் வேலை பார்க்கிற வள்ளியூர்த் தம்பி ஒருவனைப் பேசவைத்துப் பதிவு செய்தோம்.

பேஸ் விஷயம் இப்படி முடிந்தது. டிகிரி விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

அன்றைக்கு ராத்திரி தொட்டியில் டிகிரி இறங்கவில்லை என்பதற்கும் எங்கள் கருவி மெசேஜ் அனுப்பியிருந்தது. அதை ஏன் யாரும் பார்க்கவில்லை? ஏனென்றால் அது தினமும் வருகிற மெசேஜ். 7 டிகிரிக்கு மேல் போனால் அலர்ட் என்று வைத்திருந்தேன். மடியிலிருந்து கறந்து வருகிற பால் 34, 35 டிகிரி இருக்கும். சாயங்காலம் காலித் தொட்டியில் ஊற்றும்போது 30க்கு மேல்தான் இருக்கும். 4 டிகிரிக்கு வர மூன்று மணி நேரம் போல ஆகும். காலையிலும் அப்படித்தான். ராத்திரி குளிர்ந்த 640 லிட்டர் 4 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். அதில் காலைப் பால் 500 லிட்டர் 34 டிகிரியில் விழுகிறது. கலந்தால் 17 டிகிரி. இது கோளாறே இல்லை, பால் ஊற்றினால் இப்படித்தான் இருக்கும். ஆனால் என் அலர்ட் காலையும் மாலையும் தவறாமல் ஒலித்தது. நாளைக்கு இரண்டு, மாதத்துக்கு அறுபது. அறுபது தடவை பொய் சொன்னவன் அறுபத்தோராவது தடவை உண்மை சொன்னால் யார் கேட்பார்கள்?

இது கிராமத்துக் காவலருக்கு மட்டும் வருகிற தொல்லை இல்லை. 1994 ஜூலை 24 அன்று பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் மில்ஃபோர்டு ஹேவன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. வெடிப்பதற்கு முந்தைய கடைசி 11 நிமிஷத்தில் அங்கே பணியில் இருந்த இரண்டு ஆபரேட்டர்களுக்கு வந்த அலாரம் 275 என்று விசாரணை அறிக்கை சொல்கிறது.  இரண்டு மூன்று விநாடிக்கு ஒன்று என்கிற கணக்கில் மணி அடித்தால் எந்த மனுஷனுக்கும் அதில் எது முக்கியம் என்று பிரிக்க முடியாது. அலாரம் குறைவாக இருப்பதும் பாதுகாப்புதான் என்பது அந்த விபத்துக்குப் பிறகு தொழிற்சாலைகளில் பரவலாகப் பேசப்பட்டது. நான் அதைப் படித்தபோது அந்த 275க்கும் எங்கள் அறுபதுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தோன்றவில்லை. ஒன்று பதினோரு நிமிஷத்தில் காதை அடைத்தது, இன்னொன்று ஒரு மாதத்தில் அடைத்தது.

எவ்வளவு டிகிரி என்பதைப் பார்க்காமல், இறங்குகிறதா என்று பார்க்கும்படி மாற்றினோம். பால் ஊற்றி முடித்து ஒரு மணி நேரம் ஆகியும் டிகிரி இறங்காமல் அதே இடத்தில் நின்றால் மட்டும் மெசேஜ்: “பால் குளிரல. 1 மணி நேரமா 26 டிகிரி. மிஷின் ஓடுதான்னு பாருங்க.” மாதம் அறுபது வந்த இடத்தில் இப்போது ஒன்று வருகிறது, சில மாதம் ஒன்றும் வருவதில்லை. வந்தால் ஆள் எழுந்து போகிறார். டெம்ப்ளேட்டில் வார்த்தையை எவ்வளவு அழகாக மாற்றினாலும், வரவேண்டாத நேரத்தில் வந்துகொண்டிருந்தால் வார்த்தைக்கு மதிப்பு இல்லை. இதை முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம் வார்த்தைக்கு வந்திருக்கவேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

மெக்கானிக்குக்குப் போகிற மெசேஜ் வேறு. அவருக்கு மூன்று பேஸிலும் எத்தனை வோல்ட், மிஷின் எத்தனை ஆம்பியர் இழுத்தது என்ற எண் வேண்டும்; அதைப் பார்த்துத்தான் கான்டாக்டர் என்கிற மோட்டார் சுவிட்சை எடுத்துக்கொண்டு போவதா, குளிரூட்டும் கேஸ் சிலிண்டர் எடுத்துக்கொண்டு போவதா என்று முடிவு செய்வார். ஊர்ப் பெயரும் வேண்டும், அவருக்குப் பதினான்கு ஊர். செயலாளருக்குக் கால் மணி நேரம் கழித்து, ஜெனரேட்டர் ஓடாமல் இருந்தால் மட்டும் போகும்: “இன்னும் ஜெனரேட்டர் போடல. காவலருக்குப் போன் பண்ணுங்க.” ஒரே சம்பவம், மூன்று பேருக்கு மூன்று விதம்.

கோளாறு சரியாகிவிட்டதைச் சொல்கிற மெசேஜ் எங்களிடம் இல்லவே இல்லை. ஒரு நாள் அண்ணாச்சி சொன்னார், “போனத மட்டும் சொல்லுதீங்க. வந்தத சொல்ல மாட்டேங்கீங்களே.” பேஸ் ராத்திரி பதினோரு மணிக்கே திரும்பி வந்திருக்கிறது, அது தெரியாமல் விடியற்காலை வரைக்கும் ஜெனரேட்டர் ஓடி டீசல் வீணானது. அதற்கும் ஒரு டெம்ப்ளேட் பதிவு செய்தோம்: “பேஸ் வந்துட்டு. ஜெனரேட்டர நிறுத்தலாம்.” ‘வந்துவிட்டது’ என்று எழுதாமல் ‘வந்துட்டு’ என்று எழுதியது நம் ஊர்ப் பேச்சுக்காக. மதுரை தாண்டினால் இதைப் படித்துவிட்டு, வந்துட்டு அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். ஆடி மாசக் காற்றுக் காலத்தில் பேஸ் வந்து வந்து போகும் என்பதால், தொடர்ந்து பத்து நிமிஷம் நின்றால்தான் இந்த மெசேஜ் போகும். இல்லாவிட்டால் அண்ணாச்சி ஜெனரேட்டருக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருக்கவேண்டியதுதான்.

2023 டிசம்பர் 17, 18. அந்த மழையைத் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டித் திருநெல்வேலியில் ஜங்ஷன், கைலாசபுரம் எல்லாம் தண்ணீர். பல ஊரில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, சாலை இல்லை. எங்கள் கருவிகளில் பாதிக்கு மேல் பேச்சே இல்லை. பால் எடுக்க டேங்கரே போக முடியாதபோது அலர்ட் என்ன செய்யும்? அந்த இரண்டு நாளும் நாங்கள் இந்த வேலையை விட்டுவிட்டு முகாம்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

20ஆம் தேதி டவர் வந்த ஊர்களில் போன்கள் ஒலிக்க ஆரம்பித்தன. வழியில் எங்கெங்கோ தேங்கி நின்ற மெசேஜ் எல்லாம் மொத்தமாக வந்து கொட்டின. “ஒரு பேஸ் இல்ல” என்று வரிசையாக. முந்தாநாள் 3:15, முந்தாநாள் 6:50, அன்றைக்குக் காலை 7:05 எல்லாம் கலந்து. நேரம் இருக்கிறது, தேதி இல்லை. எது இப்போது நடப்பது, எது நடந்து முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏர்வாடிப் பக்கம் ஒரு காவலர் ஒவ்வொரு மெசேஜுக்கும் எழுந்து போய் ஜெனரேட்டரைப் போட்டு, மூன்று பேஸும் இருப்பதைப் பார்த்து நிறுத்தி, மறுபடி போட்டிருக்கிறார். சொன்னதைச் செய்திருக்கிறார். நாங்கள் சொன்னதுதான் அரைகுறை.

தேதியைச் சேர்க்கவேண்டியதாயிற்று. 18/7:40 என்று போட்டால் 67ல் மூன்று கூடி, சரியாக 70. மணி பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்றால் ஒன்று கூடி 71 ஆகிவிடும். ‘எரியும்’ என்பதற்குப் பின்னால் இருந்த காற்புள்ளியை எடுத்தோம். மறுபடி விண்ணப்பம், மறுபடி அனுமதி. ஒரு காற்புள்ளிக்காக நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆனாலும் மனநிறைவோடு உட்கார்ந்தேன்.

போன வருஷம் களக்காட்டுப் பக்கம் ஒரு சொசைட்டியில் ராத்திரிப் பொறுப்பு ஒரு அக்காவுக்கு வந்தது. பழைய காவலருக்கு உடம்பு முடியாமல் போய், பால் அளக்கிற அந்த அக்காவே இதையும் பார்த்துக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். வீடு சொசைட்டிக்கு எதிர்த்தாற்போல. முதல் தடவை பேஸ் போனபோது மெசேஜ் போயிருக்கிறது, அவரும் உடனே ஓடியிருக்கிறார். ஆனால் ஜெனரேட்டர் ஓட அரை மணி நேரம் ஆகிவிட்டது. என்ன ஆச்சு என்று போனில் கேட்டேன்.

“மெசேஜெல்லாம் நல்லாத்தான் தம்பி இருக்கு. ஜெனரேட்டர் போடுங்கன்னு இருக்கு. சாவி எங்க இருக்குன்னு இல்லையே.”

பழைய காவலர் சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்திருந்தவர். யாரும் இந்த அக்காவிடம் அது இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்சை முதலில் திருப்பவேண்டும், அப்புறந்தான் ஜெனரேட்டர் என்பதும் அவராகவே யோசித்துச் செய்ததுதான்.

இப்போது எங்கள் டெம்ப்ளேட்டில் கடைசியாக ஒரு காலி இடம் இருக்கிறது. அதில் கொஞ்சம் எழுத்துதான் கொள்ளும், டிஎல்டி கணக்குப்படி மாறுகிற இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு உண்டு. அதில் என்ன வரவேண்டும் என்பதை நாங்கள் எழுதுவதில்லை. ஒவ்வொரு ஊருக்கும் போய் அங்கே ராத்திரி இருக்கிறவரிடம் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே போடுகிறோம். மெசேஜ் இரண்டு துண்டாகிறது, தெரிந்தேதான் செய்கிறோம். முதல் துண்டில் செய்யவேண்டியது முழுசாக வந்துவிடும்படி பார்த்துக்கொண்டோம். ஒரு ஊரில் “டீசல் மூடி இறுக்கமா இருக்கும்” என்று வருகிறது. இன்னொரு ஊரில் “முதல்ல ஷட்டர தொறங்க, புகை” என்று. களக்காட்டு அக்காவின் மெசேஜில் “சாவி காலண்டர் ஆணியில” என்று இருக்கிறது.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். காலண்டர் ஆணியில் சிவப்புக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார், இருட்டில் கைக்கு அகப்படுகிற மாதிரி.